செத்த காலேஜில் உயிருள்ள பொருள்கள்

சைதாப்பேட்டையில் மின்சார ரயிலேறினால் ஐந்தாவது நிலையம் எழும்பூர். அங்கிறங்கிச் சிறிது தூரம் நடந்தால், பாந்தியன் சாலையில் அரசினர் அருங்காட்சியகத்தின் கட்டிடங்கள் தென்படும். சென்னை நகரத்துப் பாமர மக்கள் ஒரு காலத்தில் அதற்கு இட்டு வழங்கிய பெயர் ‘செத்த காலேஜ்’ என்பதாகும். மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றனர். 1851-ம் ஆண்டில் டாக்டர் எட்வர்டு பால்பர் என்பவர் பொறுப்பேற்றுத் தொடங்கிய காலத்தில், இவ்வருங்காட்சியகம் காலேஜ் ரோட்டிலிருந்த பழைய காலேஜ் கட்டிடத்தில் இருந்தது. 1854-ம் ஆண்டில் எழும்பூருக்கு வந்த பின்னும், ‘காலேஜ்’ என்னும் பெயர் அதை விட்டபாடில்லை. 1855-ம் ஆண்டு முதல் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளும் வளர்க்கப்பட்டமையால், ஒன்று உயிர் காலேஜ், மற்றொன்று செத்த காலேஜ் என மக்கள் எளிதில் பிரித்துக் கொண்டனர்.

பெயர் வேடிக்கையானதே. ஆயினும், கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதெல்லாம் செத்த பொருள்தானா என்பது சிந்திக்கத்தக்க கேள்வி. தறியிலும் வயலிலும் நாளெல்லாம் உழைக்கும் நம் சங்க அங்கத்தினர் பலர், “அங்கே போய் நமக்கு ஆவதென்ன? அரசர்களின் வாளும் கேடயமும் நமக்கெதற்கு?” என்று கேட்கக்கூடும். அரசர்களின் பொருள்கள் அங்கு உண்டென்பது மெய். ஆனால், மக்கள் வாழ்வை விளக்கும் மானிடவியல் பிரிவிலும் தொல்பொருட் பிரிவிலும் உள்ளவற்றுள் பெரும்பகுதி, உழுதவரும் நெய்தவரும் வேட்டையாடியவரும் குயவரும் கொல்லரும் தம் கைகளால் ஆக்கியவை. அவற்றுள் சிலவற்றின் கதையை இவ்விதழில் கூறுவதோடு, நம் சைதாப்பேட்டைத் தறிகளில் பிறந்து அயல்நாட்டு அருங்காட்சியகம் வரை சென்று சேர்ந்த ஒரு துணியின் கதையையும் கூற விரும்புகிறோம்.

தாழிக்குள் நெல்லும் துணியும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள பரந்த மேட்டு நிலத்தில் பண்டைய மக்கள் இறந்தோரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்தனர். 1876-ம் ஆண்டில் ஜாகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கு அகழ்ந்து, கிடைத்த பொருள்களைத் தம் நாட்டின் பெர்லின் நகரத்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899-ம் ஆண்டில் தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்பவர் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்து எடுத்த பொருள்கள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன.

நெற்றியிற் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், வெண்கலத்தில் வார்த்த விலங்குருவங்கள், இரும்பு வாள்கள் ஆகியவற்றையே காண்போர் வியந்து நோக்குவர். ஆனால், ரீயின் குறிப்புகளில் நமக்குரிய செய்தி ஒன்று அடக்கமாக இருக்கிறது. தாழிகளுக்குள் வைக்கப்பட்ட சிறு பானைகளில் நெல்லுமியும் தினை முதலிய சிறுதானியங்களின் உமியும் மிகுதியாகக் காணப்பட்டன. துணியின் சுவடுகளும் கிடைத்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

இதன் பொருள் யாது? மறுவுலகம் செல்வோர்க்கு இன்றியமையாதவை எவையென அம்மக்கள் கருதினரோ, அவற்றுள் தானியமும் துணியும் இடம்பெற்றன என்பதே. பொன்னணிந்து சென்றவர் சிலரே. அப்பொன்னின் மங்காத ஒளி நம் கண்ணைப் பறிக்கிறது. உமியோ மண்ணோடு மண்ணாகிவிடக் கூடியது. துணியோ காற்றுப்பட்டால் பொடியாவது. விவசாயியின் விளைவும் நெசவாளியின் நெய்வும் பயன்பட்டு அழிவதற்கென்றே பிறந்தவை. ஆதலின், வரலாற்றில் அவற்றின் சான்று என்றும் குறைவாகவே எஞ்சுகிறது. இக்குறையை நாம் இக்கட்டுரையின் இறுதிவரை நினைவில் இருத்துவோமாக.

ஆயுதம் மணப்பொருளான கதை

அடுத்து வளரியைக் காண்போம். பிறை வடிவில் வளைந்த இக்கருவிக்கு வளைதடி என்றும் பெயருண்டு. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றி, தோளுக்கு மேல் சுழற்றிக் குறிபார்த்து வீசுவர். வைரம் பாய்ந்த மரத்திலும் இரும்பிலும் செய்யப்பட்டது. யானைத் தந்தத்தில் இழைத்ததும் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த வளரிகள் எழும்பூரில் உள்ளன.

மறவர், கள்ளர் முதலிய வகுப்பினர் போரிலும் முயல் வேட்டையிலும் இதனைக் கையாண்டனர். கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், தமக்கு ஈட்டியெறியவும் வளரி வீசவும் முதன்முதல் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று 1830-ம் ஆண்டில் வெளியான தம் நினைவுக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். காலத்தின் கொடுமை, 1801-ம் ஆண்டில் அந்தச் சின்ன மருதுவை எதிர்த்துச் சென்ற படையிலேயே அவரும் இருக்க நேர்ந்தது. கற்றுக் கொடுத்தவர் தூக்கிலிடப்பட்டார். கற்றுக் கொண்டவரின் எழுத்தில் அவர் புகழ் நின்றது.

போர் ஓய்ந்த பின்னரும் வளரி மறையவில்லை. கள்ளர் சமூகத்தில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வளரிகளை மாற்றிக் கொள்ளும் வழக்கம் நிலவிற்று. உயிரைக் கொல்லப் பிறந்த கருவி, இரு குடும்பங்களைப் பிணைக்கும் மணப்பொருளாயிற்று. இச்செய்தியை அறியாமல் அப்பேழையின் முன் நிற்பவர்க்கு அது வளைந்ததொரு கட்டை மட்டுமே. அறிந்தவர்க்கோ, அதில் ஒரு போரும் ஒரு கல்யாணமும் தெரியும்.

மஞ்சள் வயலும் மரக்கம்பமும்

விவசாய அங்கத்தினர் காணவேண்டியதும், கண்டால் சற்று நடுங்க வேண்டியதுமான பொருள் ஒன்று அங்குண்டு. யானைத் தலையும் துதிக்கையும் போலச் செதுக்கிய பகுதியை உச்சியில் உடைய தடித்த மரக்கம்பம் அது. பழைய சென்னை மாகாணத்தின் வட எல்லையில், கஞ்சம் மலைநாட்டிலுள்ள பாலிகுடா பகுதியிலிருந்து வந்தது. அப்பகுதி இன்று ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்த கோந்த் மக்கள் நிலமகளுக்கு நரபலி இட்டதாக 19-ம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்தனர். பலிக்கென விலை கொடுத்து வாங்கப்பெற்றவரை ‘மெரியா’ என்றனர். அவரை இத்தகைய கம்பத்தில் பிணைப்பர்.

எதற்காக இக்கொடுமை? அம்மலைநாட்டில் முதன்மையான பயிர் மஞ்சள். குருதி சிந்தாவிடில் மஞ்சளுக்கு ஆழ்ந்த செந்நிறம் ஏறாது என்று அவர்கள் நம்பியதாக அவ்வதிகாரிகள் கூறுகின்றனர். 1845-ம் ஆண்டில் இவ்வழக்கத்தை ஒழிப்பதற்கெனத் தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. 1837-க்கும் 1854-க்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர் என்று அரசாங்க ஏடுகள் தெரிவிக்கின்றன. மனிதருக்குப் பதிலாக எருமையைப் பலியிடும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்கதை முழுவதையும் எழுதியவர்கள் மலையின் கீழிருந்து படையோடு ஏறிச் சென்றவர்கள். பலியை ஒழித்த அதே படை, அம்மலைகளை ஆங்கில ஆட்சிக்கு உட்படுத்தவும் செய்தது. கோந்த் மக்கள் தம் வாயால் கூறியதை எழுதுவார் அன்று எவருமில்லை. பலியானோரின் பெயர்களும் நமக்கு எட்டவில்லை. கம்பம் மட்டும் சாட்சியாக நிற்கிறது. அதே கந்தமால் மலைநாட்டு மஞ்சளுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்று அம்மஞ்சள் தன் ஊர்ப் பெயராலேயே சிறப்புப் பெற்றுச் சந்தைக்கு வருகிறது. பயிர் செழிப்பதற்கு வேண்டியது குருதியன்று. நல்ல விதையும் நல்ல மண்ணும் உழைப்பவனுக்கு நியாயமான விலையுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுவதில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து கடல் கடந்த கட்டத்துணி

இனி நம் ஊருக்கு வருவோம். சைதாப்பேட்டைக்கு உழவோடும் நெசவோடும் பழைய உறவு உண்டு. 1868-ம் ஆண்டில் நிறுவப்பெற்ற விவசாயப் பள்ளி இங்குதான் இருந்தது. அது 1906-ம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, காலப்போக்கில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நெசவிலோ, சைதாப்பேட்டையின் பெயர் ‘மதராஸ் கைக்குட்டை’ என்னும் கட்டத்துணியோடு பிணைந்தது. சைதாப்பேட்டையிலும் வடக்கே சீராலா முதலிய ஊர்களிலும் இது நெய்யப்பட்டது.

கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் வைக்கும் சிறு துண்டை எண்ணிவிடல் ஆகாது. ஒரு குட்டை 36 அங்குலச் சதுரம். 8 கெஜ நீளத்தில் தொடர்ச்சியாக நெய்து, வேண்டியபடி வெட்டிக் கொள்ளலாம். சாயந்தோய்த்த பாவும் சாயந்தோய்த்த ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களைத் தோற்றுவிக்கும். சிவப்பு, கருநீலம், மஞ்சள், வெள்ளை ஆகியன இதன் நிறங்கள். லண்டன் நகர வியாபாரிகள் மாதிரித் துண்டுகளை அனுப்பி இங்கே நெய்வித்து, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். மான்செஸ்டர் ஆலைகள் இதைப் போலவே போலித் துணி செய்து அனுப்பியதும் உண்டு. ஆனால், அசல் துணிக்கே உரிய சாய வாடையை முகர்ந்து பார்த்து, ஆப்பிரிக்க மக்கள் போலியைத் தள்ளி அசலைக் கொண்டனராம். கைத்தறியின் தரத்துக்கு இதனினும் மேலான நற்சான்று யார் தரக்கூடும்?

நைஜீரியா நாட்டில் நைஜர் ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத் தீவுகளில் கலபாரி என்னும் இனத்தார் வாழ்கின்றனர். இவர்கள் மீன்பிடித்தலிலும் வாணிகத்திலும் தேர்ந்தவர்கள். மதராஸ் துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்றழைக்கின்றனர். அந்நாட்டின் மற்றோரினத்தாரான இக்போ மக்கள் ‘ஜார்ஜ்’ என்பர். நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயரே அவ்வாறு துணியின் பெயராயிற்று என்று கருதப்படுகிறது.

கலபாரிப் பெண்கள் இத்துணியை வாங்கி அப்படியே உடுத்திவிடுவதில்லை. துணியை மடிமேல் வைத்துக் கொண்டு, கூரிய சிறு கத்தியால் குறிப்பிட்ட சில இழைகளை மட்டும் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுக்கின்றனர். பெரும்பாலும் வெளிர்நிற இழைகளே நீக்கப்படுகின்றன. கருநிற இழைகள் நிற்கின்றன. நம் நெசவாளர் அமைத்த கட்டத்துக்குள்ளிருந்தே வேறொரு கோலம் வெளிப்படுகிறது. துணியும் வலை போல மெலிந்து குழைந்துவிடுகிறது. இதற்குப் ‘பெலெடே பிடே’, அதாவது வெட்டிய துணி, என்று பெயர். ஆமை முதலிய உருவங்களின் பெயரால் அக்கோலங்கள் வழங்குகின்றன.

நாம் இழை சேர்த்து நெய்தோம். அவர்கள் இழை நீக்கி அழகு செய்தனர். தறியில் உட்கார்ந்தறியாத ஒருவர் இதனைத் துணியைப் பாழாக்குதல் என்று எண்ணலாம். ஓரிழை தவறினாலும் துணி கிழிந்துபோகும் என்பதை அறிந்த நெசவாளியோ அக்கைத்திறனுக்குத் தலைவணங்குவார். இவ்வாறு ஆக்கிய துணிகளைக் கலபாரிக் குடும்பத்தார் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பேணுகின்றனர். மூத்தோர் இறந்தால், வீட்டின் அறைகளையும் கட்டிலையும் குடும்பச் சேமிப்பிலுள்ள துணிகளால் அணி செய்வது அவர்கள் மரபு. அங்கே இத்துணி வெறும் விற்பனைச் சரக்கன்று, குலத்தின் சொத்து.

1982-ம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இத்துணிகளுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இத்தகைய துணிகளைத் தன் சேமிப்பில் வைத்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் கப்பலேறிய துணி, ஆப்பிரிக்கப் பெண்களின் கைபட்டு மறுபிறவி எடுத்து, இறுதியில் உலக அருங்காட்சியகங்களை அடைந்தது. இதற்கிடையில், 1970-களின் பிற்பகுதியில் நைஜீரியா அயல்நாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடுகளை விதித்தது. பிற காரணங்களும் சேரவே ஏற்றுமதி தளர்ந்தது. நகரம் பெருகிய சைதாப்பேட்டையில் பழைய தறியொலி அடங்கிற்று.

எழுதப்படாத பெயர்

சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையருகே பழைய கல்வெட்டொன்று உண்டு. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் 1726-ம் ஆண்டில் 30,000 வராகன் செலவிட்டு இவ்வாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அவர் கொடையை அக்கல் மூன்று மொழிகளில் அறிவிக்கிறது. பழைய பாலம் போயிற்று. அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. ஆயினும், கொடுத்தவர் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது. அது முறையே. ஆனால், அதே சைதாப்பேட்டையில் அந்த மதராஸ் துணியை நெய்தவர் யார்? பாவுக்குக் கஞ்சியிட்டவர் யார்? தார் சுற்றிக் கொடுத்த பெண்கள் யாவர்? இவர்களின் பெயர் எந்த அருங்காட்சியகத்துச் சீட்டிலும் இல்லை. ‘மதராஸ்’ என்னும் ஊர்ப்பெயரோடு செய்தி நின்றுவிடுகிறது.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாடெங்கும் சுற்றிப் பொருள்களைத் திரட்டினார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-ம் ஆண்டில் ஏழு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அவ்வுழைப்புப் பெரிது. ஆனால், மனிதரின் தலையையும் மூக்கையும் அளவெடுத்து வகைப்படுத்துவதில் அவர் ஈடுபட்டார். அம்முறை அடிப்படையற்றது என்று இன்றைய அறிவுலகம் தள்ளிவிட்டது. எந்தச் சாதியார் எந்தப் பொருளைக் கையாண்டனர் என்பது எழுதப்பட்டது. இன்னார் செய்தார் என்பது எழுதப்படவில்லை.

இன்னுமொரு சான்று. 1866-ம் ஆண்டில் லண்டனில் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகள் கொண்ட மாதிரிப் புத்தகங்களைத் தயாரித்தார். மொத்தம் 20 பிரதிகள். அவற்றுள் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்திய மக்கள் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதைப் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் அறிந்து, அதற்கேற்ப நெய்து நமக்கே விற்கவேண்டும் என்பது அதன் தலையாய நோக்கம். துணியின் ஊர், நீளம், அகலம், எடை எல்லாம் அதில் உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. நம் துணியை வெட்டி ஒட்டிய புத்தகமே நம் தறிக்கு எதிரான கருவியாயிற்று. பெயரற்ற துணியை எவரும் தமதாக்கிக் கொள்வர் என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

நாம் செய்யத்தக்கது

தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் 1935-ம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனம் 2010-களில், பட்டுச்சேலையோடு அதனை நெய்தவரின் பெயரும் படமும் பொறித்த அட்டையை இணைத்துக் கொடுக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. சிறிய அட்டைதான். ஆயினும், நூற்றைம்பது ஆண்டுக் குறையைத் திருத்தும் முயற்சி அது. இதனை ஒவ்வொரு சங்கமும் தன்னளவில் விரிவாகச் செய்யலாம் என்பது நம் கருத்து.

ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் ஒரு மாதிரிப் புத்தகம் வைத்துக் கொள்ளட்டும். தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புது வகைத் துணியிலும் ஒரு சாண் துண்டை அதில் ஒட்டுக. அதன் கீழ், நூலின் நம்பர், பாவின் இழைக் கணக்கு, சாயம், நெய்த ஆண்டு, பெற்ற கூலி ஆகியவற்றை எழுதுக. நெய்தவர் பெயரோடு நிற்காமல், பாவோட்டியவர், தார் சுற்றியவர் பெயரையும் எழுதுக. வீட்டுப் பெண்களின் உழைப்பு அங்கேதான் மறைந்து போகிறது.

விவசாயச் சங்கங்களும் இதனைச் செய்யலாம். ஏற்றமும் கவலையும் மரக்காலும் பல வீடுகளில் விறகாகிவிட்டன. எஞ்சியிருப்பவற்றைச் சங்கக் கட்டிடத்தின் ஒரு மூலையில் சேர்த்து வைப்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. எந்த வயலில் எவர் எவ்வாறு கையாண்டார், எந்தக் கொல்லர் அல்லது தச்சர் செய்து கொடுத்தார் என்பதை முதியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் அவசியம். பழைய நெல் வகைகளின் விதையை ஒரு சிறு குப்பியிலிட்டு, அதன் பெயர், விளைந்த மண், பருவம், காத்து வந்த குடும்பம் ஆகியவற்றைக் குறிப்பதும் நன்று.

அடுத்த விடுமுறை நாளில், அங்கத்தினர் தம் பிள்ளைகளுடன் எழும்பூர் சென்று வருமாறு கேட்டுக் கொள்கிறோம். ஆதிச்சநல்லூர்த் தாழியின் முன் சிறிது நேரம் நிற்பீர்களாக. அதற்குள் உமியாகக் கிடந்த நெல்லை விளைவித்தவரும், சுவடாக மட்டும் எஞ்சிய துணியை நெய்தவரும் நம் தொழிலைச் செய்தவர்களே. அவர்களின் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. நம் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். வீடு திரும்பியதும் முதற்பக்கத்தைத் தொடங்குங்கள்.